பதிலில் தொடங்கும் புத்தகம்: பொறியியல் முதலாண்டை ஒரு பிரதியாக வாசித்தல்

முந்நூறு பிரதி அச்சடித்த கவிதைத் தொகுப்புக்கு நாம் மதிப்புரை எழுதுகிறோம். நூறு பேர் பார்த்த குறும்படத்துக்கு இரண்டு தவணைகளில் விமர்சனம் வருகிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடித்த ஒரு பெரும் கூட்டம் ஒரே சமயத்தில் வாசிக்கத் தொடங்கும் ஒரு பிரதி இருக்கிறது, அதைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் ஒரு வரி நான் படித்ததில்லை. பொறியியல் முதலாண்டுப் பாடங்களைச் சொல்கிறேன். சிவில், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எதுவானாலும் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் முதல் வருஷம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். நூற்றுக்கணக்கான கல்லூரிகள், ஒரே சிலபஸ், ஒரே கேள்வித்தாள். பதினேழு பதினெட்டு வயதில் ஒருவர் இவ்வளவு கவனமாக, இவ்வளவு பயத்தோடு வேறு எதையும் வாசிப்பதில்லை. அந்த வாசிப்பு அவருக்கு என்ன செய்கிறது என்று கேட்பது விமர்சனத்தின் வேலைதான்.

நான் 2013 ரெகுலேஷனில் மெக்கானிக்கல் படித்தவன். இங்கே எடுத்துக்கொள்வது 2021 ரெகுலேஷனை. என் சித்தி பையன் அதில் சேர்ந்தபோது அவனுக்காக அந்தப் பாடங்களை மறுபடி உட்கார்ந்து படித்தேன். பாஸ் ஆக வேண்டிய கட்டாயம் இல்லாமல் படித்ததில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பாடங்கள் பழையவை, வேலைக்கு உதவாதவை என்று சொல்வது வழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. பல அலகுகளில் இருக்கும் விஷயம் அருமையானது. கோளாறு சொல்முறையில் இருக்கிறது. மனிதர்கள் ஏதோ ஒரு சிக்கலில் மாட்டி, தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்த விடைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். அந்தச் சிக்கலை மட்டும் எடுத்துவிட்டார்கள். கேள்வி போய்விட்டது, பதில் மிஞ்சியிருக்கிறது.

ஓரத்தில் இருக்கும் தேதி

சிலபஸில் பெரிய பெரிய வெளிநாட்டு நூல்கள் பட்டியலில் இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் வாசிப்பது அவற்றை அல்ல, 'லோக்கல் ஆத்தர் புக்' என்று சொல்லப்படும் கைடுகளைத்தான். மெல்லிய காகிதம், நெருக்கமான எழுத்து, அலகுவாரியாக இரண்டு மார்க், 13 மார்க், 15 மார்க். எங்கள் காலத்தில் 16 மார்க். இந்த நூல்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் தேர்வில் பத்து இரண்டு மார்க், ஐந்து 13 மார்க், ஒரு 15 மார்க் என்று இருக்கும்போது, அந்த அச்சுக்கு ஏற்ற புத்தகம்தான் விற்கும். எழுதியவர்கள் வாசகனின் தேவையைத் தெரிந்து எழுதியவர்கள்.

எனக்கு இவற்றில் சுவாரசியமாகப் படுவது ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அச்சிட்டிருக்கும் தேதி. ஏப்ரல்/மே இன்ன வருஷம், நவம்பர்/டிசம்பர் இன்ன வருஷம். அந்தக் கேள்வி எப்போதெல்லாம் தேர்வில் வந்தது என்ற தகவல். ஒரு தேற்றத்தின் பக்கத்தில் மூன்று தேதி இருந்தால் அது முக்கியம், இல்லாவிட்டால் தாண்டிப் போகலாம். இந்தப் பிரதியில் ஒரு கருத்துக்கு இருக்கும் வரலாறு அவ்வளவுதான். அதை முதலில் யார் கேட்டார், ஏன் கேட்டார் என்பதற்கு இடமே இல்லை.

கேலி-ஹாமில்டன் தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். முதல் செமஸ்டர் கணிதம், முதல் அலகு. ஒரு சதுர அணி தன்னுடைய சிறப்பியல்புச் சமன்பாட்டைத் தானே நிறைவு செய்யும் என்பது தேற்றம். கேள்வி எப்போதும் ஒரே மாதிரி: கொடுத்த அணிக்கு இதைச் சரிபார், அதன் மூலம் ஏ இன்வர்ஸ் கண்டுபிடி. மூன்றுக்கு மூன்று அணியைப் பெருக்கிப் பெருக்கிக் கடைசியில் எல்லாம் பூஜ்யம் ஆகும்போது ஒரு நிம்மதி வரும். மார்க் வந்துவிட்டது என்கிற நிம்மதி.

ஆர்தர் கேலி இதை 1858இல் எழுதியபோது லண்டனில் வக்கீலாக இருந்தார். கணிதப் பேராசிரியர் ஆனது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. அந்தக் கட்டுரையில் அவர் செய்தது என்ன தெரியுமா? இரண்டுக்கு இரண்டு அணிக்குச் செய்து காட்டினார், மூன்றுக்கு மூன்றுக்கும் சரிபார்த்துவிட்டதாகச் சொன்னார், பொதுவான நிரூபணத்துக்கு மெனக்கெடத் தேவையில்லை என்று விட்டுவிட்டார். முழு நிரூபணம் இருபது வருஷம் கழித்து, 1878இல் ஃப்ரோபேனியஸ் கையால் வந்தது. அதாவது தேர்வு ஹாலில் நம்ம பசங்க செய்வதைத்தான் கேலியும் செய்தார்: ஒரு உதாரணத்தை எடுத்துச் சரிபார்த்தார். அவருக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். இது எல்லா அணிக்கும் பொருந்துமா என்ற கேள்வி அவருடைய காகிதத்தில் அப்படியே திறந்து கிடந்தது. நம்முடைய கைடில் அது மூடியிருக்கிறது.

ஐகன் வேல்யூவும் அப்படித்தான். "அண்ணே, இந்த ஐகன் வேல்யூ எதுக்குண்ணே?" என்று சித்தி பையன் கேட்டான். கிளாஸ்ல கேட்டியாடா என்றேன். "கேட்டேன். பின்னாடி வரும்னு சொன்னாங்க." அது பொய்யில்லை, நிச்சயம் பின்னாடி வரும். ஆனால் ஒரு நிமிஷத்தில் காட்டக்கூடியதை இரண்டு வருஷம் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒரு ரப்பர் ஷீட்டை எடுத்து அதன்மேல் எல்லாத் திசையிலும் பேனாவால் கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள். சாய்ந்த கோடுகள் எல்லாம் கொஞ்சம் திரும்பும். இழுத்த திசையில் இருக்கும் கோடும் அதற்குச் செங்குத்தான கோடும் மட்டும் திரும்பாது, நீளும் அல்லது சுருங்கும். திரும்பாத அந்தத் திசை ஐகன் வெக்டர். எத்தனை மடங்கு நீண்டது என்பது ஐகன் வேல்யூ. ஒரு பொருளை எந்தப் பக்கம் இழுத்தால் எங்கே பிய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டியவனுக்கு அந்தத் திசை வேண்டும். பையன் தன் பனியனை இழுத்துப் பார்த்தான். அதற்கு முன்னால் அவன் ஐந்து 13 மார்க் கணக்கு போட்டு முடித்திருந்தான், எல்லாம் சரியாக.

உப்புத் தண்ணி

வேதியியலில் முதல் அலகு தண்ணீர். கடின நீர், கொதிகலன் கோளாறுகள், படிவு, அயனிப் பரிமாற்றம், எதிர்ச் சவ்வூடு பரவல். பாய்லர் எதற்கு இப்போது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நெய்வேலியிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் மின்சாரம் கொதிகலன் வழியாகத்தான் வருகிறது. திருச்சி பக்கம் திருவெறும்பூரில் உயர் அழுத்தக் கொதிகலன் செய்யும் ஆலையே இருக்கிறது. ஆக, பாய்லர் பாடத்தில் இருப்பது நியாயம்தான்.

ஆனால் பாடத்தில் வரும் பாய்லர் எந்த ஊரிலும் இல்லை. ஒரு குறுக்குவெட்டுப் படத்தில் மட்டும் இருக்கிறது. கடினத்தன்மைக்கு வரையறை வருகிறது, வகைகள் வருகின்றன, பிறகு படிவுக்கும் கசடுக்கும் வேறுபாடு அட்டவணையாக வருகிறது. தமிழ்நாட்டில் போர் தண்ணியில் குளித்து வளர்ந்த ஒருவருக்கு இந்த அலகில் புதிதாகச் சொல்ல வேண்டியது மிகக் கொஞ்சம். 'உப்புத் தண்ணி'யில் சோப்பு நுரைக்காது என்று அவருக்குத் தெரியும். பருப்பு வேகாது என்று அவருடைய அம்மாவுக்குத் தெரியும். பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடில் வெள்ளையாக ஓடு மாதிரி படிவதைச் சுரண்டியிருப்பார். அந்த வெள்ளை ஓடுதான் பாய்லர் படிவு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் உடைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. ராடில் படிந்தால் தண்ணி சுட நேரமாகும். கொதிகலன் குழாயில் படிந்தால் சூடு உள்ளே போகாமல் உலோகம் காய்ந்து வெடிக்கும். இந்த ஒரு பத்தி போதும், மீதி அலகு முழுக்க இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போய்விடும்: அப்போ அந்த கால்சியத்தை எப்படி எடுப்பது?

லேபில் இது இன்னும் வேடிக்கை. ஈடிடிஏ முறையில் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் சோதனை எல்லோருக்கும் உண்டு. ஒயின் சிவப்பிலிருந்து எஃகு நீலத்துக்கு நிறம் மாறும். முதலாண்டில் பார்க்கும் அழகான காட்சிகளில் அது ஒன்று. நான் படித்த கல்லூரியில் 'சாம்பிள்' தண்ணியை லேப் அசிஸ்டென்ட் ஒரு கேனில் உப்பு கரைத்துத் தயார் செய்துவைத்திருப்பார். விடை எத்தனை பிபிஎம் வர வேண்டும் என்று போன பேட்ச் ரெக்கார்டில் இருக்கும். ஐம்பதடி தள்ளி ஹாஸ்டல் குழாயில் அசல் கடின நீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தர் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்திருந்தால், அன்றைக்கு யாருக்கும் தெரியாத ஒரு விடையை அந்த லேப் கண்டுபிடித்திருக்கும்.

எதிர்ச் சவ்வூடு பரவலும் அதே கதைதான். சென்னைக்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள், 2010இலும் 2013இலும் வந்தவை, ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் திறனுக்குக் கட்டப்பட்டவை. 2019 கோடையில் லாரிக்கு முன்னால் குடத்தோடு நின்ற நகரம் அது. அந்த வருஷத்துச் சிறுவர்கள்தான் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பக்கத்தில் ஒரு சவ்வு, இரண்டு அம்புக்குறி, 'பயன்கள்: 1, 2, 3'.

பேனாவில் பைத்தான்

பைத்தான் பாடத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அந்த சிலபஸை எழுதியவர்களில் யாரோ கேள்வி தெரிந்தவர் இருந்திருக்கிறார். முதல் அலகில் உதாரணமாக நான்கு சிக்கல்கள்: ஒரு பட்டியலில் மிகச் சிறியதைக் கண்டுபிடிப்பது, அடுக்கிய சீட்டுகளுக்கு நடுவில் ஒரு சீட்டைச் செருகுவது, ஒருவர் நினைத்த எண்ணை ஊகிப்பது, ஹனோய் கோபுரம். கடைசியானது 1883இல் எடுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் விளையாட்டுப் பொருளாக வெளியிட்டது. நான்குமே கையால் விளையாடிப் பார்க்கக்கூடியவை. ரம்மி ஆடத் தெரிந்த யாருக்கும் இரண்டாவது சிக்கலின் விடை விரலில் இருக்கிறது. விரல் செய்வதைச் சொல்லாக மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. நிரல் எழுதுதல் என்பதன் சாரமே அதுதான்.

வகுப்பறையில் ஒரு சீட்டுக்கட்டு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கைடில் அது 'ஸ்டெப் 1: ஸ்டார்ட்' என்று தொடங்கி 'ஸ்டாப்' என்று முடிகிறது. பிறகு தேர்வில் பைத்தானைப் பேனாவால் எழுத வேண்டும். பைத்தானில் வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதே இலக்கணம். கோடு போட்ட விடைத்தாளில் அந்த இடைவெளியை விரலால் அளந்து எழுதுகிறார்கள்.

இந்தப் பாடத்துக்கு சிலபஸிலேயே குறிப்பிட்டிருக்கும் பாடநூல் ஆலன் டௌனியின் 'திங்க் பைத்தான்'. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் முன்னுரையில் டௌனி அது எப்படிப் பிறந்தது என்று சொல்கிறார். 1999இல் ஜாவா அறிமுக வகுப்பு எடுக்கவிருந்தார். அதற்கு முன் எடுத்தபோது நிறைய மாணவர்கள் தோற்றிருந்தார்கள். புத்தகம் பெரிதாக இருந்ததால் யாரும் படிக்கவில்லை என்று பட்டது. தானே சின்னதாக ஒன்று எழுதினார். ஒரு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் அதைப் பைத்தானுக்கு மாற்றினார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கடைசியில் 'பிழைதிருத்தம்' என்று ஒரு பகுதி வரும்: இங்கே நீங்கள் இப்படித் தவறுவீர்கள், அப்போது இதைப் பாருங்கள். எதிரில் இருக்கும் வாசகன் தடுமாறுவான் என்று தெரிந்து எழுதிய நூல். நம் கைடுகளில் இருக்கும் நிரல்கள் ஒன்றுகூடத் தப்பாக ஓடாது. அதனால்தான் அவற்றிலிருந்து நிரல் எழுதக் கற்றுக்கொள்வது கஷ்டம். சிலபஸ் கையில் நல்ல புத்தகத்தைக் கொடுக்கிறது. தேர்வு வேறு புத்தகத்தை வாங்க வைக்கிறது.

டாப் வியூ ஏன் கீழே வருது?

முதலாண்டின் சிறந்த அத்தியாயம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். மினி டிராஃப்டரையும் ஷீட் உருளையையும் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்டக்டர் திட்டுவார், உட்கார்ந்திருக்கும் யாராவது வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். அரியர் அதிகம் விழும் பாடம் என்று சீனியர்கள் பயமுறுத்துவார்கள். ஆனாலும் இந்த ஒரு பாடத்தில்தான் வகுப்பறையில் நிஜமான கேள்வி கேட்கும். முதல் வாரத்திலேயே கேட்கும்: "சார், டாப் வியூ ஏன் சார் கீழே வருது?"

நியாயமான கேள்வி. ஒரு பொருளை மேலிருந்து பார்த்த படத்தை, முன்னாலிருந்து பார்த்த படத்துக்குக் கீழே ஏன் வரைய வேண்டும்? நாம் பின்பற்றுவது முதல் கோண வீழல். பொருள் பார்ப்பவருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் அதன் நிழல் பின்சுவரில் விழும். மேலிருந்து பார்த்தால் தரையில் விழும். இப்போது அந்தத் தரையைக் கீல் வைத்த கதவு மாதிரி கீழ்நோக்கி மடித்து, சுவரோடு ஒரே தாளாக்குங்கள். மேல்தோற்றம் தானாகக் கீழே வந்துவிடும். ஒரு நோட்டைப் பாதி திறந்து பிடித்து, ஒரு அட்டை சுவர், ஒரு அட்டை தரை என்று காட்டினால் அரை நிமிஷம். அமெரிக்காவில் மூன்றாம் கோணம், அங்கே மேல்தோற்றம் மேலேயே வரும். எந்த விதியும் வானத்திலிருந்து விழவில்லை, ஒரு மடிப்பிலிருந்து வந்தது என்று அந்தக் கணத்தில் புரிகிறது.

இந்தத் துறைக்குப் பின்னால் இருக்கும் சிக்கலும் அப்படிப்பட்டதுதான். காஸ்பார் மோஞ்ச் பிரான்சில் மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் இளம் வரைவாளராக இருந்தபோது அவரிடம் ஒரு வேலை வந்தது: எதிரியின் குண்டு உள்ளே விழாதபடி கோட்டைச் சுவரின் உயரங்களைக் கண்டுபிடி. பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வேண்டிய வேலை. மோஞ்ச் வரைபடம் போட்டே முடித்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது என்று மேலதிகாரி முதலில் பார்க்கவே மறுத்தாராம். பிறகு அந்த முறையைப் பல வருஷம் ராணுவ ரகசியமாக வைத்திருந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1795இல் பொது மாணவர்களுக்கு அவர் விரிவுரை செய்தார், 1799இல் அது புத்தகமாக வந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1794இல், சென்னையில் ஜார்ஜ் கோட்டைப் பக்கம் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. கிண்டி பொறியியல் கல்லூரியின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கோட்டையும் நிலமும் அளக்க வேண்டியவர்களுடைய அவசரத்தில் பிறந்த கல்வி இது.

கிராஃபிக்ஸில் மோஞ்சின் பெயரைச் சொல்லாவிட்டாலும் அவருடைய கேள்வி காணாமல் போகவில்லை. காரணம் எளிது. ஒரு கூம்பைச் சாய்த்து வைத்து வெட்டினால் எப்படித் தெரியும் என்பதை உருப்போட முடியாது. கோணம் மாறினால் படம் மாறும். ஒவ்வொரு தடவையும் தலைக்குள் அந்தப் பொருளைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று: கேள்வி ஆங்கிலத்தில் இரண்டு வரி, விடை முழுக்கப் பென்சில். என் வகுப்பில் முதல் செமஸ்டர் முழுவதும் வாய் திறக்காத, தமிழ் மீடியத்திலிருந்து வந்த ஒருவன் இருந்தான். அவனுடைய ஷீட்டைத்தான் மற்றவர்கள் இரவல் வாங்குவார்கள். ஒர்க்‌ஷாப்பிலும் அப்படியே. அரத்தால் ராவி ராவி ஒரு வி-ஜாயின்ட் பொருத்தும்போது, இரண்டு துண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா இல்லையா என்பதே மதிப்பெண். அந்த வெளிச்சத்துக்கு ஆங்கிலம் தேவையில்லை.

குமிழித் தூம்பும் பெருமையும்

2021 ரெகுலேஷனில் புதிதாக வந்தவை 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்'. முதல் செமஸ்டரில் ஒன்று, அடுத்ததில் ஒன்று, தலா ஒரு கிரெடிட். மாணவர்கள் இவற்றை 'ஈஸி மார்க்' என்கிறார்கள். இலக்கிய நண்பர்கள் சிலர் வரவேற்றார்கள், சிலர் அரசியல் என்றார்கள். நான் சிலபஸைப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு: இரண்டாவது தாளில் முதல் தரமான பொறியியல் இருக்கிறது. நெசவு, பானை, உலோக உருக்கு, கட்டுமானம், ஏரி, மதகு. சோழர் காலக் குமிழித் தூம்பு பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது.

குமிழித் தூம்பு என்ன சிக்கலுக்கு விடை? மண் கரை போட்டு ஏரி கட்டியாகிவிட்டது. பாசனத்துக்குத் தண்ணீரை வெளியே விட வேண்டும். கரையில் வெறும் ஓட்டை போட்டால் தண்ணீர் அதை அரித்து அகலமாக்கிக் கரையையே கொண்டுபோய்விடும். சரி, தண்ணீரை அடியிலிருந்து கல் கால்வாய் வழியாகக் கரைக்குக் கீழே கொண்டுபோகலாம். ஆனால் ஏரியில் வண்டல் சேரும். வண்டல் சேர்ந்தால் கொள்ளளவு குறையும், வாயும் அடைபடும். ஆக, தண்ணீரும் போக வேண்டும், சேறும் போக வேண்டும், கரையும் நிற்க வேண்டும். அவர்கள் செய்தது: கரையிலிருந்து தள்ளி, ஏரிக்குள்ளே ஒரு கல் தொட்டி. அதில் மேலே நீரோடித் துளை, கீழே தரையோடு சேறோடித் துளை. திறக்கும்போது மேலே நீரும் அடியில் சேறு கலந்த நீரும் உள்ளே வந்து, சேர்ந்து கால்வாயில் வெளியேறும். வயலுக்கு வண்டல் உரமாகவும் போய்ச் சேரும்.

இதை ஒரு வகுப்பில் கரும்பலகையில் கேள்வியாக வைத்தால் முதலாண்டு மாணவர்கள் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். அழுத்தம் ஆழத்தோடு எப்படிக் கூடுகிறது, துளையை எந்த உயரத்தில் வைப்பது, எவ்வளவு அகலம் என்று எல்லாம் வரும். பாடமாக வரும்போது அது 'குமிழித் தூம்பின் சிறப்புகள்' ஆகிவிடுகிறது. பண்டைத் தமிழரின் நுண்ணறிவைப் பறைசாற்றுகிறது என்று ஒரு வரி, கீழே நான்கு புள்ளிகள். நம் முன்னோரைப் பாராட்டும் வேகத்தில் அவர்களுடைய சிக்கலை மறந்துவிடுகிறோம். அந்தச் சிக்கலைத் தெரிந்துகொள்ளாமல் அவர்களுடைய அறிவை எப்படி மதிப்பது? கேலியின் தேற்றத்துக்கு நடந்ததே குமிழித் தூம்புக்கும் நடக்கிறது. ஒன்றின் பக்கத்தில் தேர்வுத் தேதி, இன்னொன்றின் பக்கத்தில் பெருமிதம்.

யாருக்கு நட்டம்

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஒரே கேள்வித்தாள், பெயர் தெரியாத மதிப்பீடு, வரையறுத்த விடை, இவையெல்லாம் சேர்ந்து ஒரு நியாயத்தைத் தருகின்றன. ஏதோ ஒரு சிற்றூர்க் கல்லூரியில் படிப்பவரின் விடைத்தாளும் நகரத்து மாணவரின் விடைத்தாளும் ஒரே மேசையில் ஒரே அளவுகோலால் திருத்தப்படுகின்றன. ஆசிரியரின் விருப்புவெறுப்பு உள்ளே வராது. ஆங்கிலம் தடுமாறும் ஒருவருக்கு உருப்போடுவது கௌரவமான வழி, அதில் பாஸ் ஆகி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கியவர்கள் ஏராளம். ஐந்து அலகை ஒரு செமஸ்டருக்குள் முடிக்க வேண்டிய ஆசிரியரிடம் ரப்பர் ஷீட்டும் சீட்டுக்கட்டும் கொண்டுவா என்று கட்டுரை எழுதுவது சுலபம். இதெல்லாம் உண்மை. மனப்பாடத்தை இழிவாகப் பேசும் கூட்டத்தில் நான் இல்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஒப்பித்தவர்கள் அதை வைத்துத்தான் நெல் அளந்தார்கள், கணக்கு எழுதினார்கள். அவர்கள் நெஞ்சில் இருந்த பதிலுக்கு வெளியே ஒரு கேள்வி தினமும் காத்திருந்தது.

ஆனால் புத்தகத்திலிருந்து எடுத்த கேள்வி எங்கேயும் தொலைந்துபோவதில்லை, சில வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. அப்பாவோ அக்காவோ இன்ஜினியராக இருக்கும் வீட்டில், சாப்பிடும்போது "அது எதுக்குன்னா..." என்று யாராவது தொடங்குவார்கள். கைடில் இல்லாத அந்த முதல் பத்தி அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. முதல் தலைமுறையாக வந்தவருக்குக் கிடைப்பது கைடு மட்டும். இருவரும் ஒரே விடையை எழுதுவார்கள், ஒரே மார்க் வாங்குவார்கள். மூன்றாம் வருஷத்தில் ஒருவருக்கு அந்தப் பதில் எங்கே பொருந்தும் என்று தெரிந்திருக்கும். இன்னொருவர் தனக்கு மூளை இல்லை என்று முடிவு செய்திருப்பார். எனக்கு இதில் உறுத்துவது அந்த முடிவுதான்.

2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அவர்களில் தமிழ் வழியில் வந்தவர்களுக்கு அணி தெரியும், அணிக்கோவை தெரியும், நேர்மாறு தெரியும், வகையிடல் தொகையிடல் எல்லாம் தெரியும். நன்றாகவே தெரியும், அதில் மார்க் வாங்கித்தான் வந்திருக்கிறார்கள். முதல் நாள் கரும்பலகையில் மேட்ரிக்ஸ், டிடர்மினன்ட், இன்வர்ஸ் என்று வரும்போது, தெரிந்த ஆளையே தெரியாதவர் மாதிரி பார்க்க வேண்டியிருக்கிறது. 'உனக்கு இது ஏற்கெனவே தெரியும்' என்று சொல்ல ஒரு பக்கம் போதும். இரண்டு பத்தி, நாற்பது சொல். என் கையில் இருந்த எந்தக் கணிதக் கைடிலும் அந்தப் பக்கம் இல்லை.

ஆக, நான் கேட்பது புது சிலபஸ் அல்ல. ஒவ்வோர் அலகுக்கும் முன்னால் ஒரே ஒரு பக்கம். தண்ணீர் அலகுக்கு முன்னால் ஹீட்டர் ராடு. அணிகளுக்கு முன்னால் ரப்பர் ஷீட்டும் நாற்பது சொல் பட்டியலும். பைத்தானுக்கு முன்னால் ஒரு சீட்டுக்கட்டு. ஏரிப் பாடத்துக்கு முன்னால், விடை சொல்லாமல், மண் கரையின் சிக்கல். 13 மார்க் அப்படியே இருக்கட்டும், தேதிகளும் ஓரத்தில் இருக்கட்டும். மாணவர் விடைக்குப் போகும் முன் யாருக்கு, எங்கே, எது மாட்டிக்கொண்டது என்று ஒரு பக்கம் வாசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தைப் பல்கலைக்கழகம் எழுதித் தரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இதை வாசிக்கிற உங்களில் நிறையப் பேர் பொறியியல் படித்தவர்கள்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். நம்மில் பலர் கதைக்கும் கவிதைக்கும் வந்ததே அந்த நான்கு வருஷத்திலிருந்து தப்பித்துத்தான். விஷயமும் தெரிந்து, தமிழில் ஒரு பத்தியை ஒழுங்காக எழுதவும் தெரிந்தவர்கள் இப்போது இங்கேதான் இருக்கிறோம். உங்களுக்குப் பிடித்த, அல்லது உங்களை அரியர் போட வைத்த ஒரு அலகை எடுத்து, அதன் முதல் பக்கத்தை எழுதுங்கள். அடுத்த செப்டம்பரில் எங்கேயோ ஒரு ஹாஸ்டலில் ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.